உறைபனி விழுந்தும் சாகாத அழுக்கணவன்: மலைநாட்டுப் பூப்பாத்திக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: ஐயா, நான் நுவரெலியா மாவட்டத்தில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வாசலில் பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு பாத்தி பூக்கன்று வைத்திருக்கிறோம். ஸ்வீட் பீ, நஸ்டர்ஷியம், செவ்வந்தி மூன்றும் விதை போட்டது. பான்சியும் பெட்டூனியாவும் நாற்றாக வாங்கியது. ஏப்ரல் சீசனுக்குப் பூத்து நிற்க வேண்டும் என்று ஆசை. தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து குருத்தெல்லாம் பச்சையும் கறுப்புமாக அழுக்கணவன், அதுதான் சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி. விதைப் பக்கெட்டோடு வந்த இங்கிலாந்துக் குறிப்பில் குளிர்காலத்தில் இந்தப் பூச்சி செத்துவிடும் என்று போட்டிருக்கிறது. இங்கே போன மாதம் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது, பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்து மத்தியானம் அடித்தேன். பான்சியில் பூச்சி குறைந்தது, ஸ்வீட் பீ இலையெல்லாம் கருகிவிட்டது. சீக்கிரம் வளரட்டும் என்று வாரம் ஒரு தடவை யூரியாத் தண்ணீர் ஊற்றி வருகிறேன். பக்கத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவர் தன்னுடைய மருந்தில் கொஞ்சம் போத்தலில் ஊற்றித் தருகிறேன் என்கிறார். வாங்கி அடிக்கலாமா? நாலு படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். காரணம் பின்னால் வரும். அதுவரை அந்தப் போத்தல் பாடசாலை வாசலுக்கே வரக்கூடாது.

விதைப் பக்கெட்டுக் குறிப்பில் தப்பு இல்லை, அது வேறு ஊருக்கு எழுதியது, அவ்வளவுதான். அங்கே இலையுதிர் காலம் வந்ததும் அழுக்கணவன்களில் பல வகை ஆணும் பெண்ணுமாகி, மரங்களில் முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். உங்கள் படத்தில் தெரிகிற பச்சை வகை முட்டை போடத் தேடிப் போவது பீச் மரத்தை. கடுங்குளிரைத் தாங்குவது அந்த முட்டைதான், குளிர் லேசான வருடத்தில் பூச்சியும் சில தப்பும். வசந்தத்தில் அது பொரித்து, இரண்டு மூன்று தலைமுறை மரத்திலேயே பெருகி, அப்புறம்தான் இறக்கை முளைத்துப் பூப்பாத்திக்கு வரும். அதனால் அந்த ஊர்த் தோட்டக்காரருக்கு பெரும்பாலான வருடம் சுத்தமான பாத்தி ஒன்று சும்மா கிடைக்கிறது.

நமக்கு அந்தச் சலுகை இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. தையிலும் மாசியிலும் வானம் தெளிந்த இரவுகளில் தாழ்வான இடத்துப் புல்லில் வெள்ளை படியும், வெயில் ஏறியதும் உருகிவிடும். தேயிலைக் கொழுந்தைக் கருக்க அது போதும். குருத்து இடுக்கிலும் இலைக்கு அடியிலும் ஒட்டியிருக்கிற அழுக்கணவனைத் தீர்த்துக்கட்ட அது போதாது. அதற்கு நாள் கணக்கில் நீடிக்கிற கடுங்குளிர் வேண்டும், அது இந்த மலையில் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயில் 30 பாகையைத் தாண்டுகிற இடத்தில் இந்தப் பூச்சிக்குச் சிரமம், 15 முதல் 25 வரை என்றால் கொண்டாட்டம். கந்தப்பளைக் குளிர் பான்சிக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு அழுக்கணவனுக்கும் பிடிக்கும்.

எனவே இங்கே அது முட்டை போடும் வேலையையே வைத்துக்கொள்வதில்லை. ஆணும் தேவையில்லை. தாய் நேரே குட்டி போடும், ஒரு நாளைக்கு மூன்று, நாலு என்று. பிறக்கிற குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறை அப்போதே வளரத் தொடங்கியிருக்கும். உங்கள் ஊர்க் குளிரில் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தக் குட்டியும் தாயாகிவிடும். ஒரு குருத்தில் ஐந்தாறு பார்த்துவிட்டு, பிறகு கவனிக்கலாம் என்று விட்டு, இரண்டு வாரம் கழித்து வந்தால் தண்டே தெரியாது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால், நான் ஏன் மருந்தைவிட வாராவாரம் பார்ப்பதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்று விளங்கும்.

தை பிறந்ததும் கூடுவதற்கும் காரணம் இருக்கிறது. தை, மாசி, பங்குனி முற்பாதி உங்கள் பக்கம் மழை குறைந்த காலம். மழைக்காலத்தில் அடித்துப் பெய்கிற மழையே பாதிப் பூச்சியைக் கழுவித் தள்ளும். விடாத ஈரத்தில் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்து மீதியும் சாகும். வறட்சியில் இரண்டும் இல்லை.

இப்போது உங்கள் படங்கள். நன்றாக எடுத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் இவ்வளவு சொல்ல முடியாது.

முதல் படம், ஸ்வீட் பீ குருத்து. மொட்டுக் காம்பைச் சுற்றி நெருக்கமாகப் பச்சைப் பூச்சி. கீழ் இலையில் வெள்ளைத் தூசி மாதிரிச் சிதறிக் கிடப்பதைச் சாம்பல் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். அவை பூச்சி கழற்றிப் போட்ட சட்டைகள். ஒரு பூச்சி நாலு தடவை சட்டை உரித்துத்தான் பெரிதாகும். இலை மினுங்குவது அது கழிக்கிற இனிப்பு நீரால். அந்த நீர் விழுந்த இடத்தில் பின்னால் கரும்பூஞ்சணம் படரும், எறும்பும் வரும். எறும்பு பூவைத் தின்ன வரவில்லை, அந்த இனிப்புக்காக அழுக்கணவனைக் காவல் காக்க வந்திருக்கிறது. பொறிவண்டு கிட்டே வந்தால் கடித்துத் துரத்தும். ஆகவே ஸ்வீட் பீ ஏறுகிற கம்பின் அடியில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக் கிறீஸ் தடவிவிடுங்கள். கம்பில் மட்டும்தான், தண்டில் தடவ வேண்டாம்.

இரண்டாவது படத்தை நீங்களே இன்னொரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். பான்சி இலையின் பின்புறம், நடு நரம்புக்கு இடது பக்கம், பச்சைப் பூச்சிகளுக்கு நடுவில் நாலைந்து மட்டும் பழுப்பு நிறத்தில் உருண்டு வீங்கி, இலையோடு ஒட்டிப்போய் இருக்கின்றன. அவை உயிருள்ள அழுக்கணவன் இல்லை. கண்ணுக்கு எறும்பைவிடச் சிறியதாகத் தெரிகிற ஒரு குளவி, பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. உள்ளே அதன் புழு பூச்சியைத் தின்று முடித்துக் கூடு கட்டிவிட்டது. ஒன்றின் முதுகில் வட்டமாக ஓட்டை தெரிகிறது, அதிலிருந்து குளவி ஏற்கெனவே வெளியே வந்து அடுத்த பூச்சியைத் தேடிப் போய்விட்டது. இப்படிப் பழுப்பு உருண்டை கண்ட இலையைக் கிள்ளவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், அதற்கு ஒன்றும் அடிக்கவும் வேண்டாம்.

மூன்றாவது படத்தில் செவ்வந்தித் தண்டில் ஒரு புழு. ‘இதுவும் பூச்சியா, நசுக்கிவிடட்டுமா’ என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். நசுக்காதீர்கள். சாம்பல் கலந்த கறுப்பு உடம்பு, முதுகில் செம்மஞ்சள் புள்ளி, முன்பக்கம் ஆறு கால், இது பொறிவண்டின் குஞ்சு. பெரிய வண்டைப் பிள்ளைகளுக்குத் தெரியும், கையில் எடுத்து விளையாடுவார்கள். குஞ்சைத் தெரியாததால் தோட்டம் தோட்டமாக இதைத்தான் முதலில் கொல்கிறார்கள். வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் அழுக்கணவனைத் தின்னும். அதே மாதிரி, காலே இல்லாமல், ஒரு முனை கூராக, இளம் பச்சையில் அட்டை ஊருவதுபோல ஊருகிற புழுவும் நம்முடையதுதான். பூவின் மேல் அந்தரத்தில் நின்று பறக்குமே, மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட ஈ, அதன் புழு.

ஆக, உங்கள் பாத்தியில் கூலி கேட்காமல் வேலை செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கைதான் குறைவு, அவர்களின் பெருக்கமும் அழுக்கணவனைவிட மெதுவானது. நாம் செய்ய வேண்டியது பூச்சியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து அவர்களுக்கு அவகாசம் கொடுப்பது. கிழங்குக்காரரின் மருந்தை அடித்தால் முதலில் போவது இவர்கள். பச்சைப் பூச்சியில் தப்புகிற பத்து, எதிரியே இல்லாத பாத்தியில் மறுபடி பெருகும்.

அந்த மருந்தைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. இந்தப் பச்சை வகைக்கு மைசஸ் பெர்சிகே என்று பெயர். மருந்துக்குப் பழகிப்போவதில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய பூச்சி. நீங்கள் இருக்கிற பக்கம் கிழங்கு, கோவா, லீக்ஸ் என்று வருடம் முழுக்க மருந்து அடிக்கிற இடம். அங்கே பல மருந்துக்குத் தப்பியவற்றின் வாரிசுகள்தான் இறக்கை முளைத்து உங்கள் பாத்திக்கு வந்திருக்கும். அவருடைய வயலில் சாகாத பூச்சி, அதே மருந்துக்கு உங்கள் வாசலில் சாகும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய ஆட்கள் ‘டைமெத்தோயேட் ஒரு தடவை அடித்தால் போதும்’ என்று இன்னும் சொல்வார்கள். அந்த மருந்தால் மனிதர் செத்தது அதிகம் என்பதால் 2008க்கும் 2011க்கும் இடையில் நம் நாட்டில் படிப்படியாக நிறுத்தினார்கள். இன்று கடையில் அழுக்கணவனுக்குக் கொடுக்கிற புதிய மருந்துகளில் பல, செடிக்குள் ஊறி, தேனிலும் மகரந்தத்திலும் கலந்து தேனீயைப் பாதிப்பவை. பூக்கிற பாத்திக்கு அதைவிடப் பொருத்தமில்லாத மருந்தை நான் யோசித்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, லேபல் இல்லாத போத்தல். நம் நாட்டில் பீடைகொல்லி என்றால் மூன்று மொழியிலும் அச்சடித்த லேபலோடு, விற்ற போத்தலிலேயே இருக்க வேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றிய மருந்தைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைப்பது பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல மனதோடுதான் அவர் தருகிறார். ‘பாடசாலையில் மருந்து அடிக்கக் கூடாது’ என்று சொல்லிவிடுங்கள், மனம் நோகாது.

சரி, என்ன செய்வது?

முதல் வேலை, யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். நைதரசன் கூடினால் குருத்து மெத்தென்று, சாறு நிறைந்து வரும். அழுக்கணவன் தேடுவது அதைத்தான், அந்தச் சாறைக் குடிக்கிற தாய் கூடுதலாகக் குட்டி போடும். நீங்கள் வாராவாரம் பூச்சிக்குத்தான் சாப்பாடு போட்டிருக்கிறீர்கள். பூவுக்கும் அதனால் லாபமில்லை. நஸ்டர்ஷியம் கொழுத்த மண்ணில் தாமரை இலை மாதிரி இலையை விரித்துக்கொண்டு பூக்காமல் நிற்கும். ஸ்வீட் பீ அவரை இனம், வேர் முடிச்சில் தனக்கு வேண்டிய நைதரசனைத் தானே பிடித்துக்கொள்ளும். பாத்திக்கு நன்றாக மக்கிய கூட்டெருவை ஒரு கைப்பிடி கன்றைச் சுற்றிப் போட்டால் ஏப்ரல் வரை போதும். கோழி எரு உங்கள் பக்கம் மலிவாகக் கிடைக்கும் என்று தெரியும். அதுவும் நைதரசன் மிகுந்ததுதான், இந்தச் சமயத்தில் வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர். இதை எல்லாரும் அலட்சியமாகக் கேட்பார்கள், ஆனால் ஒரு வருடப் பூக்களுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. குழாய் இருந்தால் நல்லது. மாசியில் தோட்டத்துத் தண்ணீர் மட்டுமட்டாகத்தான் வரும் என்றால், ஒரு பிளாஸ்டிக் போத்தல் மூடியில் சூடாக்கிய ஊசியால் ஒரே ஒரு துளை போடுங்கள். போத்தலை அழுத்தினால் நூல் மாதிரித் தண்ணீர் பீச்சும். இடது உள்ளங்கையைக் குருத்துக்குப் பின்னால் அணைத்துப் பிடித்து, கீழிருந்து மேலாக இலையின் பின்புறத்தில் அடியுங்கள். கை அணைக்காவிட்டால் குருத்து வளைந்து தண்ணீரோடு போகும், பூச்சி அப்படியே இருக்கும். அழுக்கணவன் சாறு குடிக்கும்போது வாயூசியைத் தண்டுக்குள் செருகிக்கொண்டிருக்கும். அடித்துத் தள்ளினால் அது முறிந்துபோகலாம், விழுந்தது பெரும்பாலும் திரும்பி ஏறாது. மூன்று நாளைக்கு ஒரு தடவை, மூன்று முறை செய்யுங்கள். நேரம் முக்கியம். காலையில் பனி உலர்ந்த பிறகு செய்யுங்கள். பொழுது சாய்ந்து நனைத்தால் அந்த ஈரம் இரவெல்லாம் நின்று உறைபனியில் குருத்தைக் கருக்கும், பான்சியில் அழுகலும் வரும்.

கொத்தாகப் பிடித்துப்போன நுனியைக் கழுவி மினக்கெட வேண்டாம், கிள்ளி எடுத்துச் சவர்க்காரத் தண்ணீர் உள்ள பேணியில் போடுங்கள். பெட்டூனியாவும் செவ்வந்தியும் நுனி கிள்ளினால் பக்கக்கிளை விட்டு இன்னும் அதிகம் பூக்கும். சும்மாவே கிள்ள வேண்டிய கன்றுகள்தான்.

அடுத்தது சவர்க்காரத் தண்ணீர். நீங்கள் செய்ததில் மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பாத்திரம் கழுவும் திரவம் என்பது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது, இலையின் மேலுள்ள மெழுகையும் எடுத்துவிடும். லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால் 30 மில்லிலீற்றர், அது மிக அதிகம். அடித்தது மாசி மாதத்து மத்தியான வெயிலில். பான்சி தாங்கிவிட்டது. ஸ்வீட் பீயும் நஸ்டர்ஷியமும் அளவாகக் கலந்த சவர்க்காரத்துக்குக்கூடக் கருகக்கூடிய கன்றுகள், பூக்கன்றுகளில் இந்த இரண்டையும் தனியாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குத் தண்ணீரும் கை விரலும் மட்டும்தான்.

பான்சி, பெட்டூனியா, செவ்வந்திக்கு வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியைச் சீவி, 5 கிராம் அளவு எடுத்து, கொஞ்சம் சுடுதண்ணீரில் கரைத்து, ஒரு லீற்றராக்குங்கள். தூள் சவர்க்காரம் வேண்டாம். ஒரு கன்றில் இரண்டு இலைக்கு மட்டும் அடித்து மறுநாள் பாருங்கள். கருகாவிட்டால் மற்றதற்கு அடியுங்கள். காலை வெயில் ஏறுமுன், இலையின் பின்புறம் நனைய, ஒரு மணித்தியாலம் கழித்து வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். சவர்க்காரம் பூச்சியின் உடம்பில் ஈரமாகப் படும்போதுதான் கொல்லும், காய்ந்த பிறகு அதில் ஒரு பலனும் இல்லை. அதனால் எங்கே பூச்சி தெரிகிறதோ அங்கே மட்டும், ஐந்து நாள் விட்டு இன்னொரு தடவை. பாத்தி முழுக்கத் தெளிப்பது வீண், பொறிவண்டுக் குஞ்சும் அதில் அகப்படும்.

வேப்பெண்ணெய் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். நல்லதுதான், வேலை செய்யும். மெதுவாக வேலை செய்யும். பூச்சி அன்றே சாகாது, வளர்ச்சியும் பெருக்கமும் தடைப்படும். நம் மலையில் வேம்பு வளராது, யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ வருகிற எண்ணெய்தான். உங்கள் குளிரில் தேங்காயெண்ணெய் உறைவது மாதிரி இதுவும் போத்தலுக்குள் இறுகிப்போகும். அப்படியே கரண்டியால் எடுத்துக் கலந்தால் தண்ணீரின் மேல் கட்டியாக மிதக்கும், ஒரு இலைக்கு எண்ணெயும் ஒரு இலைக்குத் தண்ணீரும் போகும். போத்தலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து இளக்கி, 5 மில்லிலீற்றர் எண்ணெயைச் சிறிது சவர்க்காரக் கரைசலோடு நன்றாக அடித்துக் கலக்கி, பிறகு ஒரு லீற்றராக்க வேண்டும். பூ விரிந்த பிறகு அடித்தால் இதழில் கறை நிற்கும். மொட்டு விடுமுன் ஒன்றிரண்டு தடவையோடு முடித்துக்கொள்ளுங்கள்.

புகையிலை ஊறவைத்த தண்ணீர் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அதை நான் எந்தப் பாடசாலைக்கும் சொல்ல மாட்டேன். நிக்கொட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிற விஷம். தவிர, காய்ந்த புகையிலையிலும் ஒரு வைரஸ் உயிரோடு இருக்கும், அது பெட்டூனியாவுக்குத் தொற்றும். வெற்றிலை புகையிலை போடுகிறவர் யாராவது பாத்தி வேலைக்கு உதவி செய்தால், கை கழுவிவிட்டுப் பெட்டூனியாவைத் தொடச் சொல்லுங்கள்.

இனிப் பிள்ளைகளின் பங்கு. இரண்டு பாத்திதானே, ஆளுக்கு மூன்று கன்று என்று பிரித்துக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒவ்வொருவரும் தன் கன்றின் நுனி நாலு விரல் அளவையும் இரண்டு இலையின் பின்புறத்தையும் பார்க்கட்டும். பூச்சி இருந்தால் விரலால் நசுக்கட்டும், பழுப்பு உருண்டையும் பொறிவண்டுக் குஞ்சும் இருந்தால் கொப்பியில் எழுதட்டும். ஒரு குருத்தில் ஐந்தாறு இருக்கும்போதே கண்டுவிட்டால் தண்ணீர்ப் போத்தலுக்குக்கூட வேலை இராது. சவர்க்காரத் தண்ணீர் தெளிப்பதை மட்டும் நீங்கள் செய்யுங்கள், கண்ணில் பட்டால் எரியும்.

நஸ்டர்ஷியத்தைப் பாத்தியின் ஒரு கோடியில் தனியாக வையுங்கள். கறுப்பு அழுக்கணவன் அதைத்தான் முதலில் தேடும். அங்கே கொத்தாகப் பிடித்த தண்டை வெட்டிச் சவர்க்காரத் தண்ணீர்ப் பேணியில் அமுக்கினால் மற்றக் கன்றுகளுக்குப் பாரம் குறையும். அந்தரத்தில் பறக்கிற ஈயை வரவழைக்கக் கடைக் கொத்தமல்லி ஒரு பிடி போதும், லேசாக உடைத்து ஓரத்தில் விதைத்துப் பூக்க விடுங்கள். செவ்வந்தி வாசத்துக்கு அழுக்கணவன் ஓடிவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் செவ்வந்தியிலேயே பூச்சி இருக்கிறது. மஞ்சள் பேசினில் சவர்க்காரத் தண்ணீர் வைத்தால் இறக்கை முளைத்தது வந்து விழும். புதிதாக எப்போது பறந்து வருகிறது என்று அறிய அது உதவும், கட்டுப்படுத்த உதவாது. ஒன்று வைத்தால் போதும், பூவுக்கு வருகிற குளவியும் ஈயும் அதில் விழும்.

அடுத்த முறை நாற்று வாங்கும்போது பொலித்தீன் கூட்டில் வளர்ந்ததா என்று கேளுங்கள். கூட்டுக்குள் மழையும் இல்லை, பொறிவண்டும் இல்லை, அழுக்கணவன் சொகுசாக இருக்கும். தட்டைத் தலைகீழாகச் சாய்த்து இலையின் பின்புறத்தைப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். வாங்கி வந்ததும் ஒரு வாரம் மற்றக் கன்றுகளிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்துக் கோவாவில் சாம்பல் பூசினதுபோல ஒரு அழுக்கணவன் இருக்குமே, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது கோவா, முள்ளங்கி குடும்பத்தைத் தாண்டி வராது. உங்களிடம் அதே குடும்பத்துப் பூக்கன்றுகளான ஸ்டொக் அல்லது அலிசம் இருந்தால்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஸ்வீட் பீ ஏப்ரலுக்கு வருமா? வரும் என்றுதான் நினைக்கிறேன். கருகிய நுனியை நல்ல இலைக் கணு ஒன்றுக்கு மேலே வெட்டுங்கள். அடியிலிருந்து புதுக் கிளை வரும், அவற்றில் தடித்த இரண்டை மட்டும் கம்பில் ஏற்றுங்கள். சீசன் தொடங்கும் நாளுக்கு இல்லாவிட்டாலும் சீசன் முடிவதற்குள் பூவைப் பார்க்கலாம். முழுக்கக் கருகியவற்றின் இடத்தில் இன்றே நஸ்டர்ஷியம் விதை ஊன்றலாம், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். பங்குனிக் கடைசியில் பின்னேர இடிமழை தொடங்கினால் தண்ணீர் அடிக்கும் வேலையும் உங்களுக்குக் குறையும்.

இவ்வளவும் செய்து மூன்று வாரத்தில் குறையாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

நாலாவது படத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அது மட்டும் அவசரம். அந்தப் பெட்டூனியா இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத் திட்டாக இருக்கிறது, புது இலை சுருங்கி ஒருபக்கமாகத் திருகியிருக்கிறது. யூரியாக் குறைவோ அழுக்கணவன் கடித்த சுருக்கமோ அப்படி இராது. அது வைரஸ். அழுக்கணவன் ஒரு கன்றில் வாயூசியைக் குத்தி எடுத்து அடுத்ததில் குத்துகிற சில விநாடி, சில நிமிடத்திலேயே சில வைரஸ்கள் பரவிவிடும், அதற்கு முன்னால் எந்த மருந்தாலும் பூச்சியைக் கொல்ல முடியாது. வந்த கன்றுக்கு வைத்தியமும் இல்லை. பெட்டூனியாவும் உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம் என்பதால் உங்கள் பாத்தியிலிருந்து அவர் கிழங்குக்கும், அவர் கிழங்கிலிருந்து உங்களுக்கும் போகக்கூடிய வைரஸ் உண்டு. அறுவடைக்குப் பிறகு வயலில் தானாக முளைக்கிற கிழங்கை அவரும் பிடுங்கிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பாருங்கள்.

அந்த ஒரு கன்றை நாளைக்கே வேரோடு பிடுங்குங்கள். முதலில் ஒரு பொலித்தீன் பையால் கன்றை மூடிக்கொண்டு பிடுங்கினால் அதிலுள்ள பூச்சி சிதறிப் பறக்காது. கூட்டெருக் குழியில் போட வேண்டாம், பாத்திக்குத் தூரமாக ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். பிடுங்கின கையோடு மற்றப் பெட்டூனியாவைத் தொடாமல், சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த கன்றுக்குப் போங்கள். கிள்ளுகிற கத்திரிக்கோலையும் கழுவ வேண்டும்.